டாக்டர் ஆனந்த குமாரசாமியும் கண்டிக் கைத்தொழில்களும்

மண்ணுக்கடியில் என்னென்ன கனிகள் கிடைக்கின்றன என்று ஆராய்ந்து சொல்லுவதற்காக இலங்கைச் சர்க்காரால் நியமிக்கப்பட்ட உத்தியோகஸ்தர் ஒருவர், மண்ணுக்கு மேலே அழிந்துகொண்டிருந்த தொழில்களைக் கண்டு மனம் பதைத்து, தமது இளமையின் சிறந்த ஆண்டுகளை அவற்றை ஆராய்வதிலேயே செலவிட்டார். அவர்தாம் டாக்டர் ஆனந்த குமாரசாமி. நடராஜ வடிவத்தின் தத்துவத்தை மேல்நாட்டாருக்கு எடுத்துரைத்தவர் என்ற அளவில் தமிழர் பலர் அவர் பெயரை அறிவர். சிவ நடனத்தைப் பற்றிய அந்நூல் 1918-ல் வெளிவந்தது. அதற்குப் பத்து ஆண்டுகள் முன்னதாகவே, கண்டி நாட்டு நெசவாளரையும் பாய் நெய்வோரையும் கொல்லரையும் சித்திரக்காரரையும் பற்றி அவர் பெருநூல் ஒன்று எழுதி முடித்திருந்தார் என்பதைச் சிலரே அறிவர். சுதேசியம் என்ற சொல்லை எளிதாக வழங்கிவந்த தேசாபிமானிகளுக்கு அந்நூலும் அதைத் தொடர்ந்த கட்டுரைகளும் சொல்லிய செய்தி கசப்பானது. அந்தக் கசப்பைக் கருதியே அவர் சரித்திரத்தின் இப்பகுதியை எழுத முற்பட்டோம்.

ஆனந்த குமாரசாமி 1877-ம் வருஷம் ஆகஸ்டு மாதம் 22-ந் தேதி கொழும்பில் பிறந்தார். தந்தையார் ஸர் முத்துக்குமாரசாமி, இலங்கைத் தமிழருள் கீர்த்தி பெற்றவர், சட்டசபை அங்கத்தினர், இங்கிலாந்து சென்று பாரிஸ்டர் பட்டம் பெற்றவர், அரிச்சந்திர நாடகத்தையும் பாலி மொழியிலுள்ள பௌத்த நூல்களையும் ஆங்கிலத்தில் பெயர்த்தவர். தாயார் எலிஸபெத் கிளே பீபி என்னும் ஆங்கில மாது. பிற்காலத்தில் இலங்கை அரசியலில் தலைமை வகித்த ஸர் பொன்னம்பலம் இராமநாதனும் ஸர் பொன்னம்பலம் அருணாசலமும் இவருக்கு அத்தை மக்கள். குழந்தைக்கு இரண்டு வயது நிரம்புமுன், 1879-ல், தந்தையார் காலமானார். தாயாருடன் முன்னரே இங்கிலாந்து சென்றிருந்த குழந்தை அங்கேயே வளர்ந்தது. குளொஸ்டர்ஷயரிலுள்ள வைக்ளிஃப் கல்லூரியிலும், பின்னர் லண்டன் யூனிவர்ஸிடி காலேஜிலும் படித்து, பூகர்ப்ப சாஸ்திரத்திலும் தாவர சாஸ்திரத்திலும் 1900-ல் பட்டம் பெற்றார். 1902-ல் எதெல் மேரி பார்ட்ரிஜ் என்னும் அம்மையாரை மணந்தார். இந்த அம்மையாரை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். கதை முடியுமுன் அவரிடம் மீண்டும் வருவோம்.

இங்கிலாந்தில் அக்காலத்தே ஓர் இயக்கம் நடந்துவந்தது. இயந்திரசாலைகள் பெருகியதனால் பொருள்கள் மலிந்தன; ஆனால் அவற்றைச் செய்யும் மனிதனுக்குத் தன் வேலையில் இருந்த இன்பமும் பெருமையும் போயின என்று ரஸ்கினும், அவருக்குப்பின் வில்லியம் மாரிஸும் முறையிட்டார்கள். மாரிஸ் எழுத்தளவில் நின்றுவிடாமல் தாமே நெய்தார், சாயம் தோய்த்தார், புத்தகம் அச்சடித்தார். இளைஞரான குமாரசாமி இவர்களுடைய கொள்கையில் ஊறியவர். ஆனால் இங்கிலாந்தில் கைத்தொழில் இறந்து நூறு ஆண்டுகளாகிவிட்டன. மாரிஸ் செய்தது இறந்ததை எழுப்பும் முயற்சி. சாகுந்தறுவாயில் இருப்பதை நேரே காணும் வாய்ப்பு குமாரசாமிக்கு இலங்கையிலே கிடைத்தது.

1903 முதல் 1906 வரை அவர் இலங்கைக் கனிப்பொருள் ஆராய்ச்சி இலாகாவின் தலைவராக இருந்தார். அந்த உத்தியோகத்தை அவர் குறைவறச் செய்தார் என்பதைச் சொல்லவேண்டியது நியாயம். தோரியனைட் என்று பெயர் பெற்ற புதுக் கனிப்பொருளை 1904-ல் உலகம் அறிந்தது அவரால்தான். அவ்வாராய்ச்சிகளுக்காக லண்டன் சர்வகலாசாலை 1906-ல் அவருக்கு டாக்டர் பட்டம் அளித்தது. ஆனால் கல்லைத் தேடிப் போகிறவன் காட்டிலும் மலையிலும் மூலைக் கிராமங்களிலும் தங்கவேண்டியிருக்கிறது. மாட்டுவண்டியிலே அவரும் மனைவியாரும் கண்டிச் சீமையின் உள்நாடுகளில் யாத்திரை செய்தார்கள். பெரிய உத்தியோகஸ்தர்கள் பங்களாவில் இறங்கி, கச்சேரிக் கடிதங்களைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போகும் இடங்களிலே, இவர்கள் பட்டறைத் திண்ணையிலும் தறிக் குழியருகிலும் உட்கார்ந்தார்கள்.

அவர்கள் கண்டது என்ன? விஹாரத்துச் சுவர்ச் சித்திரங்கள், தந்தப் பிடியிட்ட கத்திகள், அரக்கு வேலைக் கோல்கள், வெற்றிலைப் பைகள் ஆகியவை பழைய வீடுகளில் இருந்தன. அவற்றைச் செய்யத் தெரிந்த கிழவர்கள் சிலரும் இருந்தார்கள். ஆனால் வாங்குவார் இல்லை. கண்டிப் பிரதானிகளின் வீடுகளிலே மேஜையும் நாற்காலியும் சீமைப் படங்களும் ஏறிவிட்டன. பிள்ளைகளுக்கு ஐரோப்பிய உடை பூட்டப்பட்டது. 1905-ல் கண்டியில் அச்சான சிறு பிரசுரம் ஒன்றில், தன் தேசத்து உடையை விட்டுப் பிறருடைய உடையைப் பூணும் இந்த மோகத்தை இரவல் இறகு சூடுதலுக்கு ஒப்பிட்டு அவர் எழுதினார். அதே வருஷத்தில் கண்டிப் பிரதானிகளுக்குப் பகிரங்கக் கடிதம் ஒன்றும் விடுத்தார். பழைய கோயில்களையும் கட்டடங்களையும் பேணாது விடுவதற்கும், அவற்றிலே பொருந்தாத புதுமைகளைப் புகுத்துவதற்கும் அவர்களையே பொறுப்பாளிகளாக்கினார். சர்க்கார் உத்தியோகத்திலிருந்த ஒருவர் இவ்வாறு எழுதியது அக்காலத்தில் சாமானியமல்ல. ஐரோப்பிய வழக்கங்களை ஆராயாமல் மேற்கொள்ளுவதைத் தடுக்கும் நோக்கத்துடன் 1905-ல் இலங்கைச் சமூகச் சீர்திருத்தச் சங்கம் தோன்றியது. அவரே அதன் தலைவர். மறுவருஷம் அதன் சார்பில் ஒரு பத்திரிகையும் வெளிவரலாயிற்று.

பிரசங்கமும் பத்திரிகையும் யாரும் நடத்தக்கூடியவை. அவருடைய தனிச் சிறப்பு ஆராய்ச்சியிலேதான் இருந்தது. பூகர்ப்ப சாஸ்திரி ஒரு பாறையை எப்படி நோக்குகிறானோ, அப்படி அவர் ஒரு பாயை நோக்கினார்: எந்த ஊர், எந்த நார், எந்தச் சாயம், யார் கை, யாருக்காக, என்ன ஊதியத்துக்கு என்று கேட்டார். மனைவியார் புகைப்படம் எடுத்தார். தையல்களை இழை பிரித்துப் பயின்றார். கைவேலைக்காரர்களையே சித்திரம் வரையச் செய்து சேகரித்தார்கள். சாரிபுத்திரம், ரூபாவலி முதலிய சிற்ப நூல்களின் ஏடுகளைத் தேடிப் படித்தார். 1681-ல் அச்சான ராபர்ட் நாக்ஸ் என்னும் ஆங்கிலக் கைதியின் வரலாற்றிலிருந்து பழைய கண்டி வாழ்க்கைக்குச் சான்று எடுத்தார்.

நெசவை எடுத்துக்கொள்வோம். உடதும்பறைப் பகுதியில் தலகுனே என்னும் கிராமத்தில் பழைய முறை நெசவு அப்போதும் உயிரோடிருந்தது. சேனையிலே பருத்தி விளைவித்து, பெண்கள் அதைக் கொட்டை நீக்கி நூற்றார்கள். நெய்பவர் குழித்தறியில் கால்களைத் தொங்கவிட்டு உட்கார்ந்து நெய்தார்கள். துணி வெள்ளை, அதன்மேல் சிவப்பும் நீலமுமான கரைகள், கொடிகள், அன்னங்கள், மான்கள், நாகங்கள். இவை அச்சுக் குத்தியவை அல்ல, நெசவிலேயே இழைக்கப்பட்டவை. இக்கிராமத்தையும் இத்தறியையும் குமாரசாமி விரிவாகப் பதிவு செய்தார். துணிகளின் பெயரைக் கேட்கும் தமிழன் காது கூர்ந்துகொள்ளும். கண்டியார் சோமன என்றும் துப்பொட்டி என்றும் வழங்குபவை நம்முடைய சோமனையும் துப்பட்டியையும் நினைவூட்டுகின்றன. கைக்குட்டைக்கு அவர்கள் வழங்கும் லேன்சு என்ற சொல் போர்த்துகீசியரிடமிருந்து வந்தது. யாழ்ப்பாணத்தாரும் அதையே லேஞ்சி என்றார்கள். துணி போன வழியெல்லாம் சொல்லும் போயிருக்கிறது.

தும்பறைப் பாய் அதனினும் வியப்புக்குரியது. மருள் என்று நாம் சொல்லும் செடியின் தடித்த இலையைக் கட்டையிலே வைத்துச் சுரண்டி நார் எடுக்கவேண்டும். சிவப்புக்குப் பதங்கக் கட்டையும், மஞ்சளுக்கு மரமஞ்சளும் சாயம் தரும். பிறகு அந்நாரைத் தறியிலே பாவாகவும் ஊடையாகவும் இட்டுப் பாய் நெய்வார்கள். கோரைப்பாய் முடையும் வேலைபோல இதை எண்ணலாகாது. பட்டறிந்தார்க்கு எளிது, புதிதாகக் கற்பார்க்கு ஆண்டுகள் பிடிக்கும் வேலை இது. மாத்தளைப் பக்கத்திலே அரக்கைச் சூட்டில் இளக்கி, இழையாக இழுத்து, கோலின்மேல் கட்டைவிரல் நகத்தால் அழுத்திப் பூவேலை செய்தார்கள். அதற்கு நகவேலை என்றே பெயர். விஹாரத்தில் புத்த பிம்பத்துக்குக் கண் திறக்கும் சடங்கையும் அவர் எழுதிவைத்தார். நல்ல முகூர்த்தத்தில் சித்திரக்காரன் கண்ணாடியில் பார்த்தே விழி எழுதுகிறான். அந்தச் சமயத்திலே சிற்பி வெறும் தொழிலாளி அல்லன், சடங்கின் கர்த்தா.

எம்ப்ராய்டரி என்று சொல்லப்படும் பூத்தையலைப் பற்றிய பகுதி எதெல் அம்மையாரின் உழைப்பு. நீலத் துணியிலே சிவப்பும் வெள்ளையுமான நூலால் தாமரையும் கொடியும் தைத்த வெற்றிலைப் பைகளை அவர் ஒவ்வொன்றாக எடுத்து, சங்கிலித் தையல் எங்கே, விளிம்புத் தையல் எப்படி என்று வரைந்து காட்டினார். பெரிய வீட்டுப் பெண்களும் எளிய வீட்டுப் பெண்களும் ஓய்வு நேரத்தில் செய்த வேலை அது. அரண்மனைக்கும் பிரபுக்களுக்கும் தைத்துக் கொடுத்தவர்கள் ஹன்னாலி என்னும் தையற்காரர்.

இவ்வளவும் பொருளைப் பற்றியது. பொருளுக்குப் பின்னாலிருந்த ஏற்பாட்டை ஆராய்ந்ததுதான் அவர் நூலைப் பழம்பொருள் ஜாபிதாக்களிலிருந்து பிரித்து உயர்த்துகிறது. கண்டி அரசர் காலத்தில் கைவேலைக்காரன் கடைக்காரனுக்காக வேலை செய்யவில்லை. அவனுக்கு மானியமாக நிலம் உண்டு. அந்நிலத்துக்கு ஈடாக அரசனுக்கோ, கோயிலுக்கோ, பிரதானிக்கோ இன்ன வேலை செய்யவேண்டும் என்ற கடமை உண்டு. இதற்கு ராஜகாரியம் என்று பெயர். சிறந்த தொழிலாளர் அரண்மனைப் பட்டறைகளில் இடம் பெற்றார்கள். அவை நான்கு, பட்டல் ஹதர என்று வழங்கப்பட்டன. மிகச் சிறந்தவர்களுக்கு அரசர் பட்டமும் செப்பேட்டுச் சாசனமும் அளித்தார். பதினெட்டாம் நூற்றாண்டில் கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்கன் விஹாரங்களைப் புதுப்பித்தபோது இந்த ஏற்பாடு மிகச் செழித்தது. 1739 முதல் 1815 வரை கண்டியை ஆண்ட கடைசி நான்கு அரசர்களும் மதுரைத் தொடர்புடைய நாயக்கர் குலத்தவர் என்பதையும், கடைசி அரசன் வேலூரிலே கைதியாக 1832-ல் இறந்தான் என்பதையும் நம் வாசகர்கள் அறிவார்கள். கண்டிக் கலையில் தென்னிந்தியச் சாயல் ஏன் என்பதற்கு வேறு விளக்கம் வேண்டியதில்லை.

1815-ல் கண்டி ஆங்கிலேயர் வசமாயிற்று. பட்டறைகளுக்கு எஜமானன் இல்லை. 1832-ல் ராஜகாரியம் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. சாதாரணக் குடியானவனுக்கு அது விடுதலை என்பதை மறுக்க மாட்டோம். சாலை போடவும் சுமை தூக்கவும் கட்டாயமாக இழுக்கப்பட்டவன் அதனால் மூச்சுவிட்டான். ஆனால் கைவேலைக்காரனுக்கு வேலை கொடுத்துச் சோறும் கொடுத்த கை ஒன்று அதே நாளில் மடங்கியது. அதற்கு ஈடாக வேறு கை நீளவில்லை. பிறகு காப்பித் தோட்டம் வந்தது, சாலை வந்தது, ரயில் வந்தது, மான்செஸ்டர் துணி வந்தது. கோயில் நிலங்களில் மாத்திரம் பழைய ஊழிய முறை எஞ்சி நின்றது. ஆகவே எஞ்சிய தொழிலும் பெரும்பாலும் அங்கேயே நின்றது. அன்னியத் துணி வந்ததால் நெசவு செத்தது என்று நாம் ஒரே வாக்கியத்தில் முடித்துவிடுகிறோம். நெசவாளனைத் தாங்கிய சமூக ஏற்பாடு முதலிலே குலைந்தது, அதன் பின்னரே துணி உள்ளே நுழைந்தது என்று குமாரசாமி ஒரு நாட்டின் சரித்திரத்தைக் கொண்டு காட்டினார்.

1907-ல் அவர் இங்கிலாந்து திரும்பினார். பிராட் காம்டன் என்னும் கிராமத்தில், ஆஷ்பி என்ற சிற்ப நிபுணர் செப்பனிட்டுக் கொடுத்த பழைய நார்மன் சாப்பலில் குடியேறினார். மாரிஸ் தமது நூல்களை அச்சடித்த கையச்சு யந்திரம் ஆஷ்பியின் அச்சகத்துக்கு வந்திருந்தது. அது குமாரசாமியின் வீட்டுக்கு வந்தது. அதிலேதான் மத்தியகாலச் சிங்களக் கலை என்னும் அப்பெருநூல் அச்சாயிற்று. 1907 செப்டம்பரில் தொடங்கி 1908 டிசம்பரில் முடிந்தது. 425 பிரதிகள் மாத்திரம். கைத்தொழிலைப் பற்றிய நூலைக் கையாலேயே அச்சிடவேண்டும் என்ற பிடிவாதம் அவருக்கு இருந்தது. அதை நாம் மதிக்கிறோம். ஆனால் 425 பிரதிகள் யார் கைக்குப் போயிருக்கும்? சீமைப் பிரபுக்களின் புத்தக அலமாரிக்கும், பொருட்காட்சி சாலைகளுக்கும் போயிருக்கும். தலகுனே நெசவாளன் அதைக் கண்ணால் கண்டிருக்கமாட்டான். கண்டாலும் ஆங்கிலத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று அவனுக்குச் சொல்ல ஆள் வேண்டும். ஆராய்ச்சி செய்தவர் வேறு, ஆராயப்பட்டவர் வேறு என்ற இந்தத் தூரம் அவருடைய எல்லாப் பணிகளிலும் தொடர்ந்தது.

மற்றொரு குறையையும் சொல்லியாகவேண்டும். தலகுனேயில் நெய்தவர்கள் பெரவா என்னும், பறை கொட்டும் வகுப்பினர். பாய் நெய்தவர்கள் கின்னரர். அவர்களுக்கும் கீழாக வைக்கப்பட்டவர்கள். நாட்டிலேயே மிக நுண்ணிய வேலையைச் செய்த கைகளுக்கு உடையவர்கள், பிரதானி வீட்டு முற்றத்தோடு நின்றார்கள். குமாரசாமி இவ்வரிசைகளை மறைக்கவில்லை. எந்த வகுப்பு எந்தத் தொழில் என்று ஒழுங்காகவே எழுதினார். ஆனால் ஒவ்வொருவனுக்கும் பரம்பரைத் தொழில், அத்தொழிலுக்கு நிலம், அதனால் கவலையற்ற வாழ்வு என்று அவ்வேற்பாட்டை மெச்சும்போது, அந்நிலத்தையும் தொழிலையும் விட்டுப் போக நினைத்தவனுக்கு என்ன வழி இருந்தது என்று அவர் கேட்கவில்லை. லண்டன் புகையையும் தொழிற்சாலைக் கூலியையும் கண்டு வெறுத்த கண்களுக்குக் கண்டிக் கிராமம் பொன்னுலகமாகத் தோன்றியது இயல்பு. அக்கிராமத்தின் கடைக்கோடியிலே பிறந்தவனுக்கு அப்படித் தோன்றியிராது. தொழிலைக் காப்பாற்றுவது வேறு, தொழிலாளியைப் பிறப்பிலே கட்டிப்போடுவது வேறு. இவ்விரண்டையும் அவர் போதிய அளவு பிரித்துப் பார்க்கவில்லை என்பது நமது அபிப்பிராயம்.

1909-ல் இந்தியக் கைவினைஞனைப் பற்றிய அவருடைய நூல் லண்டனில் வெளிவந்தது. கிராமத்துத் தொழிலாளி, நகரத்துச் சங்கங்களைச் சேர்ந்த தொழிலாளி, அரசனைச் சார்ந்த தொழிலாளி என்று பகுத்து, தரம் எவ்வாறு காக்கப்பட்டது, மகன் தந்தையிடம் எவ்வாறு கற்றான் என்று அதில் ஆராய்ந்தார். விசுவகர்மாவின் வழித்தோன்றல்களாகத் தம்மைக் கருதும் நமது கம்மாளர்கள், தட்டான், கன்னான், கொல்லன், தச்சன், கல்தச்சன் என்னும் ஐந்தொழிலினர், அந்நூலில் இடம் பெற்றார்கள். 1913-ல் இந்தியா, இலங்கை இரண்டின் கைத்தொழில்களையும் கலைகளையும் பற்றிப் பொதுநூல் ஒன்று எழுதினார். டாக்கா மஸ்லின், ஜரிகைக் கிங்காப், முடிச்சிட்டுச் சாயம் தோய்க்கும் துணி, காஷ்மீரச் சால்வை ஆகிய நெசவுகளை அவர் அதிலே எடுத்துக்கொண்டார். வேரிலும் பட்டையிலும் எடுத்த சாயத்தின் இடத்தை ஜெர்மனிய ரசாயனச் சாயம் பிடித்துக்கொண்டதை அவர் மன்னிக்கவேயில்லை. ஒரு தலைமுறைக்குள் நிறத்தைப் பற்றிய மக்களின் கண்ணே கெட்டுப்போகும் என்பது அவர் அச்சம்.

இனி, நாம் முன்னே சொல்லிய கசப்புக்கு வருவோம். 1905-ல் வங்கப் பிரிவினையை எதிர்த்து எழுந்த சுதேசி இயக்கத்தைக் குமாரசாமி மனமார ஆதரித்தார். 1909-ல் தேசிய லட்சியத்தைப் பற்றிய கட்டுரைத் தொகுதி கொழும்பிலும், அதன் பின்னர் கலையும் சுதேசியும் பற்றிய தொகுதி சென்னையில் கணேஷ் கம்பெனியாராலும் வெளியிடப்பட்டன. இவற்றிலே அவர் ஆங்கிலேயரை மட்டும் குற்றம் சாட்டியிருந்தால் நம்மவர் மாலை சூட்டி மகிழ்ந்திருப்பர். அவர் நம்மவரையே கூண்டில் நிறுத்தினார். ஐரோப்பியச் சரக்கைப்போலவே அவலட்சணமான சரக்கை இங்கே ஆலை வைத்துச் செய்து, லாபம் நம் முதலாளிக்குப் போகிறது என்பதனால் அதைச் சுதேசி என்று அழைப்பதா என்று கேட்டார். மேடையிலே அன்னியத் துணியைப் பகிஷ்கரித்துவிட்டு, வீட்டுச் சுவரில் ஜெர்மனிப் படத்தையும் கூடத்தில் ஹார்மோனியத்தையும் வைத்திருப்பவனைக் கண்டு நகைத்தார். கிராமபோனுக்கு எதிராகத் தனிக் கட்டுரையே எழுதினார். நெசவாளனைக் கொன்றது மான்செஸ்டர் மாத்திரமல்ல, அவனிடம் வாங்குவதை விட்ட படித்தவர்களின் ரசனையும்தான் என்பது அவர் வாதம். அரசியல் சுதந்திரம் கிடைத்த பின்னும் ரசனை அடிமையாகவே இருந்தால், ஆளும் நிறம் மாறியதன்றி வேறென்ன பயன் என்ற கேள்வி அவருடைய கட்டுரைகள் எங்கும் ஓடுகிறது.

இதற்கு மறுமொழி இல்லாமலில்லை. அரை வயிற்றுக் குடியானவன் மலிவான ஆலைத் துணியை வாங்குகிறான் என்றால் அது அவனுடைய ரசனைக் குறைவு அல்ல. கையில் காசில்லாத குறை. நம் தமிழ்நாட்டுக் கைத்தறியாளர் ஆலை நூலையே வாங்கி நெய்து, அதனாலேயே தறியை விடாமல் பிழைத்தார்கள். யந்திரமும் கைத்தொழிலும் கீரியும் பாம்புமாகத்தான் இருக்கவேண்டும் என்ற கொள்கைக்கு அவர்களுடைய சரித்திரம் இடம் கொடாது. கையால் நூற்று நெய்த கதரை ஏழையின் கூலிப் பிரச்னையோடு இணைத்துக் காந்தியடிகள் பின்னர் நடத்திய இயக்கம், குமாரசாமி தொடாத இடத்தைத் தொட்டது. ஆயினும் வசதி படைத்தோர் விஷயத்தில் அவர் சொல்லியதற்கு நம்மிடம் மறுமொழி கிடையாது. சம்பளமும் சொத்தும் உடையவர்கள் கலியாணத்துக்கு என்ன வாங்கினார்கள், வீட்டை எப்படிக் கட்டினார்கள், கோயில் திருப்பணியில் என்ன செய்தார்கள் என்று ஒவ்வோர் ஊரிலும் கணக்கெடுத்தால் அவர் பக்கமே தீர்ப்பாகும்.

1910-ஐ ஒட்டிய ஆண்டுகளில் அவர் இந்தியாவெங்கும் சுற்றினார். கல்கத்தாவில் தாகூர் குடும்பத்தாரோடு தங்கினார். 1910-11-ல் அலகாபாத்தில் நடந்த பெரிய கண்காட்சியில் கலைப் பகுதி அவர் பொறுப்பிலிருந்தது. ராஜபுத்திரச் சித்திரங்களையும் பிற கலைப் பொருள்களையும் ஏராளமாகச் சேகரித்து, காசியிலே தேசியப் பொருட்காட்சி சாலை ஒன்று நிறுவினால் அவ்வளவையும் கொடுத்துவிட முன்வந்தார். பணம் சேரவில்லை, கட்டடம் எழவில்லை. ராஜாக்களும் ஜமீன்தார்களும் லட்சாதிபதிகளும் நிறைந்த தேசத்தில் இது நிகழ்ந்தது. ஐரோப்பிய யுத்தம் மூண்டபோது, அடிமைப்பட்ட இந்தியாவைச் சேர்ந்தவன் ஆங்கிலேயருக்காகப் போர்புரியக் கடமைப்பட்டவன் அல்லன் என்று பட்டாளத்தில் சேர மறுத்தார். அமெரிக்கா சென்றார். 1917-ல் அவருடைய சேகரத்தின் பெரும்பகுதி டென்மன் ராஸ் என்னும் செல்வரால் வாங்கப்பட்டு பாஸ்டன் கலைக்காட்சி சாலையைச் சேர்ந்தது. அதைக் காக்கும் உத்தியோகத்திலே குமாரசாமியும் அமர்ந்தார். காசி வேண்டாமென்றதைப் பாஸ்டன் பெற்றது. அங்கே முப்பதாண்டுகள் இருந்து அவர் எழுதிய நூல்களும் கட்டுரைகளும் பல. இந்திய, இந்தோனீசியக் கலைச் சரித்திரம் 1927-ல் வெளிவந்தது. பிற்காலத்தில் அவர் உள்ளம் தத்துவத்தை நோக்கித் திரும்பியது. அவற்றை விரிக்க இது இடமன்று. எனினும், தொழில் செய்யும் ஒவ்வொரு மனிதனும் கலைஞனாக இருக்கக்கூடிய சமூகமே ஆரோக்கியமானது என்ற கொள்கையை அவர் தத்துவ ஏடுகளிலிருந்து மாத்திரம் பெறவில்லை. கண்டிப் பட்டறைகளிலே முதன்முதல் கண்டார் என்பதை அப்பிற்கால நூல்களைப் படிப்போர் மறக்கலாகாது.

எதெல் அம்மையாரின் கதை வேறு வழியில் சென்றது. நார்மன் சாப்பலில் நூல் முடிந்த சில ஆண்டுகளில் தம்பதிகள் பிரிந்தார்கள். குமாரசாமி ஏட்டுக்குப் போனார். அம்மையார் தறிக்குப் போனார். இலங்கையில் ஆராய்ந்த நூற்பையும் நெசவையும் தம் கையாலேயே பயின்றார். தாவரச் சாயங்களைப் பற்றி 1916-ல் அவர் எழுதிய சிறு நூல், சாயம் தோய்க்க விரும்பியோருக்கு இங்கிலாந்தில் வழிகாட்டியாயிற்று. மறுமணத்தால் மைரே என்ற பெயர் பெற்று, டிச்லிங் கிராமத்தில் நெசவுக்கூடம் வைத்து மாணவர் பலரைப் பயிற்றுவித்தார். தொழிற்கலை வல்லுநருக்கு அந்நாட்டார் அளிக்கும் சிறப்புப் பட்டம் 1937-ல் அவருக்குக் கிடைத்தது. அதைப் பெற்ற முதற்பெண் அவரே. இங்கிலாந்தில் கைந்நெசவு மீண்டும் உயிர் பெற்றதற்குக் கண்டி நாட்டுத் தறியடியில் கற்ற பாடமும் ஒரு காரணம் என்றால் மிகையாகாது. அதே பாடத்தை நம் நாட்டுக் கலாசாலை மாணவனுக்குச் சொல்லிக்கொடுக்க ஓர் ஏற்பாடு அக்காலத்தே இருந்திருந்தால் எவ்வளவோ நன்றாயிருந்திருக்கும்.

1947 ஆகஸ்டு 15-ந் தேதி இந்தியா சுதந்திரம் அடைந்தது. ஒரு வாரம் கழித்து, 22-ந் தேதி, குமாரசாமிக்கு எழுபது வயது நிரம்பியது. அன்று நண்பர்கள் நடத்திய விருந்தில், உத்தியோகத்தை விட்டு இந்தியா திரும்பி இமயமலைப் பக்கத்தில் ஒதுங்கி வாழப்போவதாக அவர் அறிவித்தார். பதினெட்டே நாட்கள். செப்டம்பர் 9-ந் தேதி மாஸசூஸெட்ஸ் மாகாணத்து நீடம் என்னும் ஊரில், தம் இல்லத்திலே உயிர் நீத்தார். விடுதலை பெற்ற தேசத்தை அவர் கண்ணாற் காணவில்லை.

425 பிரதிகளோடு நின்றிருந்த அந்நூல் 1956-ல் நியூயார்க்கில் மறுபதிப்பாயிற்று. தலகுனேயில் தறிகள் ஓயவில்லை. தும்பறைப் பாய் நெய்யும் தொழிலை, உலக மக்களின் மரபுச் செல்வங்களுள் ஒன்றாக யுனெஸ்கோ ஸ்தாபனம் 2021-ல் தன் பட்டியலில் சேர்த்தது. அத்தொழிலைக் கைவிடாமல் வைத்திருந்தவர்கள், அரசன் வீட்டு முற்றத்தோடு நிறுத்தப்பட்ட அதே கின்னரர் வழிவந்தோர்.